ஜயந்த தனபால: ஓர் இலங்கை ராஜதந்திரியின் வாழ்க்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2004, 2005 ஆண்டுகளில் இலங்கைச் செய்திகளைத் தினமும் பார்த்தவர்களுக்கு ஜயந்த தனபால என்றால் அரசின் சமாதானச் செயலகத்துத் தலைவர். அணுவாயுத அரசியலைப் படிப்பவர்களுக்கு அவர், அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் எதிர்காலத்தை முடிவு செய்த 1995 நியூயார்க் மாநாட்டைத் தலைமை தாங்கி நடத்தியவர். முதல் தரப்புக்கு இரண்டாவது பாதி தெரிவதில்லை, இரண்டாவது தரப்புக்கு முதல் பாதி தெரிவதில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஒரு சின்ன நாட்டு ராஜதந்திரியால் எவ்வளவு முடியும், எங்கே முடியாமல் போகும் என்பது பிடிபடும். அதற்காகத்தான் இந்தப் பக்கம்.

சுருக்கமாக, யார் இவர்?

1938 டிசம்பர் 30 அன்று பிறந்த இலங்கையர். 1965-ல் வெளிநாட்டுச் சேவையில் சேர்ந்தார். ஜெனீவாவில் ஐ.நா.வுக்கான தூதர், வாஷிங்டனில் தூதர், 1998 முதல் 2003 வரை ஆயுதக் குறைப்புத் துறைக்குப் பொறுப்பான ஐ.நா. துணைப் பொதுச் செயலாளர் என்று வளர்ந்தார். 2006-ல் ஐ.நா. பொதுச் செயலாளர் பதவிக்கே இலங்கையின் வேட்பாளராக நின்றார். 2023 மே மாதம் 84-வது வயதில் காலமானார்.

தனபால என்கிறார்களே, தமிழரா?

இல்லை, சிங்களவர். குடும்பத்தின் பூர்வீகம் மாத்தளை.

படிப்பு எங்கே?

கண்டி டிரினிட்டி கல்லூரி. பல துறைகளிலும் சிறந்து விளங்கும் மாணவருக்கு அந்தப் பள்ளி தரும் ரைட் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அதே பதக்கத்தை அவருக்குச் சில ஆண்டுகள் முன்னால் வாங்கியவர் லக்ஷ்மன் கதிர்காமர். பின்னாளில் கதிர்காமர் வெளியுறவு அமைச்சராக இருந்த காலத்தில்தான் தனபால வாஷிங்டன் தூதராகப் போனார். இலங்கையின் மேல்மட்ட அரசு வட்டம் எவ்வளவு சின்னது என்பதற்கு இந்த ஒரு பள்ளியே போதும்.

1957-ல், பள்ளிப் பருவம் முடியும் வேளையில், நியூயார்க் ஹெரால்ட் டிரிபியூன் பத்திரிகை நடத்திய கட்டுரைப் போட்டியில் வென்று அமெரிக்காவுக்குப் போனார். பல நாட்டு மாணவர்களோடு சில மாதங்கள் அங்கே இருந்தபோது, அப்போது செனட்டராக இருந்த ஜான் எஃப். கென்னடியைச் சந்தித்திருக்கிறார். திரும்பி வந்து பேராதனையில் ஆங்கில இலக்கியம் படித்தார். பின்னர் வாஷிங்டனில் உள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகளில் முதுகலைப் பட்டம் பெற்றார். இலக்கியம் படித்தவர் ஆயுத ஒப்பந்தங்களுக்குள் போனது சிலருக்கு விசித்திரமாகப் படலாம். ஆனால் ஒப்பந்த வேலையில் பாதி, ஒரு வாக்கியத்தை இரண்டு எதிரிகளும் ஒப்புக்கொள்ளும்படி எழுதுவதுதான்.

வெளிநாட்டுச் சேவையில் ஆரம்ப ஆண்டுகள் எப்படி இருந்தன?

வழக்கமான ஏணிதான்: லண்டன், பீஜிங், வாஷிங்டன். பீஜிங்கில் சீன மொழி கற்றுக்கொண்டார். 1981 முதல் 1983 வரை புதுடெல்லியில் துணை உயர் ஸ்தானிகர். 1984-ல் ஜெனீவாவுக்கு ஐ.நா. தூதராகப் போனதுதான் திருப்பம். ஆயுதக் குறைப்பு மாநாடு நடக்கிற ஊர் அது. பெரிய நாடுகளுக்கு அங்கே தனித் தூதுக்குழு, ராணுவ ஆலோசகர்கள், ஆய்வகம் எல்லாம் உண்டு. இலங்கை போன்ற நாட்டுத் தூதருக்கு இரண்டு மூன்று உதவியாளர்கள் இருந்தால் பெரிது. அவர் காலையில் மனித உரிமைக் கூட்டத்திலும் மதியம் வர்த்தகக் கூட்டத்திலும் மாலையில் அணுவாயுதக் கூட்டத்திலும் உட்கார வேண்டும். இப்படிப்பட்ட தூதர்களில் பெரும்பாலோர் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டுப் போவார்கள். சிலர் ஒரே ஒரு துறையைப் பிடித்துக்கொண்டு அதில் வல்லுநராவார்கள். தனபால இரண்டாவது வகை.

1987-ல் ஐ.நா.வின் ஆயுதக் குறைப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநரானார். அதுவும் ஜெனீவாதான். 1992 வரை அங்கே இருந்தார். பனிப்போர் முடிந்த காலம். பெர்லின் சுவர் விழுந்ததையும் சோவியத் யூனியன் கலைந்ததையும் இந்த நாற்காலியில் இருந்துதான் பார்த்தார்.

இலங்கைக்கும் அணுவாயுதத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஆயுதமாக ஒன்றுமில்லை. ஆனால் ராஜதந்திரத்தில் ஒரு மரபு உண்டு. 1971-ல் இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக அறிவிக்கும் தீர்மானத்தை ஐ.நா.வில் முன்னெடுத்தது சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு. 1976-ல் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு கொழும்பில் நடந்தது. கடல்சார் சட்டத்துக்கான ஐ.நா. மாநாட்டை 1980-ல் இறக்கும்வரை தலைமை தாங்கி நடத்தியவர் ஹாமில்டன் ஷேர்லி அமரசிங்க என்ற இலங்கையர். அணுவாயுதப் பயன்பாடு எந்தச் சூழலிலும் சட்டவிரோதம் என்று 1996-ல் சர்வதேச நீதிமன்றத்தில் மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி கிறிஸ்டோபர் வீரமந்திரியும் இலங்கையர்தான். பெரிய படைபலம் இல்லாத நாட்டுக்குச் சட்டமும் நடைமுறையும்தான் கவசம் என்று அந்தத் தலைமுறை நம்பியது. தனபால அந்த வரிசையில் வந்தவர்.

1995 மாநாட்டில் அப்படி என்ன முடிவாக வேண்டியிருந்தது?

அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தம் 1968-ல் கையெழுத்துக்கு வந்தது, 1970-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் உள்ளடக்கம் ஒரு கொடுக்கல் வாங்கல். அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன், பிரான்ஸ், சீனா ஆகிய ஐந்து நாடுகளைத் தவிர மற்றவர்கள் அணுகுண்டு செய்யமாட்டோம் என்று உறுதி தர வேண்டும். பதிலுக்கு அந்த ஐவரும் ஆயுதங்களைக் குறைக்க நல்லெண்ணத்தோடு பேச வேண்டும், அமைதி வழி அணுசக்தியை மற்றவர்களுக்கு மறுக்கக் கூடாது.

ஒப்பந்தத்தின் 10-வது பிரிவில் ஒரு முடிச்சு இருந்தது. 25 ஆண்டுகள் கழித்து உறுப்பு நாடுகள் கூடி, இதைக் காலவரையறையின்றி நீட்டிப்பதா, குறிப்பிட்ட ஒரு காலத்துக்கு மட்டும் நீட்டிப்பதா, அல்லது அடுத்தடுத்த தவணைகளாக நீட்டிப்பதா என்று பெரும்பான்மையில் முடிவெடுக்க வேண்டும். அந்தத் தேதிதான் 1995-ல் வந்தது. அப்போது உறுப்பு நாடுகள் 178. அதில் 90 நாடுகள் எந்தப் பக்கம் நிற்கின்றனவோ அதுதான் முடிவு.

அமெரிக்காவும் அதன் கூட்டாளிகளும் நிபந்தனையில்லாமல் நிரந்தர நீட்டிப்பு கேட்டார்கள். ‘நிரந்தரமாகக் கொடுத்துவிட்டால் அப்புறம் ஐவரும் எங்கள் பேச்சைக் கேட்கவே மாட்டார்கள், தவணை முறையில்தான் பிடி இருக்கும்’ என்பது அணிசேரா நாடுகளில் பலரின் வாதம். நியாயமான வாதம்தான்.

அவர் அதை எப்படி முடித்தார்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய தொழில் வாழ்க்கையின் சாரமே இந்த நான்கு வாரங்களில் இருக்கிறது.

1995 ஏப்ரல் 17 அன்று நியூயார்க்கில் மாநாடு தொடங்கியது. 175 நாடுகள் வந்திருந்தன. தொடங்கியபோது வாக்கெடுப்பு ரகசியமாக நடக்குமா, வெளிப்படையாக நடக்குமா என்பதே முடிவாகவில்லை. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் வெளிப்படை என்றால் அமெரிக்காவின் தயவில் இருக்கும் சிறிய நாடு எதுவும் எதிர்த்துக் கை தூக்காது. ரகசியம் என்றால் யார் காலை வாருவார்கள் என்று வாஷிங்டனுக்குத் தெரியாது. அதனால் இரு தரப்பும் விடவில்லை.

மேசையில் மூன்று வரைவுகள் வந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் கையெழுத்தைத் திரட்டிக் கனடா கொண்டுவந்தது நிரந்தர நீட்டிப்பு. மெக்சிகோ கொண்டுவந்தது நிரந்தர நீட்டிப்போடு ஆயுதக் குறைப்புக்கான வாக்குறுதிகளும். இந்தோனேசியாவும் இன்னும் சில அணிசேரா நாடுகளும் கொண்டுவந்தது 25 ஆண்டுத் தவணைகள். மாநாடு நடக்கும்போதே ஏப்ரல் கடைசியில் அணிசேரா நாடுகள் பாண்டுங்கில் கூடிப் பொது நிலைப்பாடு எடுக்கப் பார்த்தன, முடியவில்லை. அந்தக் கூட்டத்தோடு தவணைத் தரப்பின் பலம் போய்விட்டது.

எண்ணிக்கையைப் பார்த்தால் கனடாவின் தாளிலேயே பெரும்பான்மை இருந்தது. வாக்கெடுப்புக்கு விட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். தனபால அதைத்தான் செய்யாமல் தவிர்த்தார். 110 நாடுகள் 60 நாடுகளைத் தோற்கடித்து நிறைவேற்றிய ஒப்பந்தத்துக்கு அந்த 60 நாடுகள் எவ்வளவு காலம் கட்டுப்படும்? ஒப்பந்தத்திலிருந்து வெளியேறும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. வெற்றி பெற்ற தரப்புக்குத்தான் வாக்கெடுப்பு ஆபத்து என்பதை அமெரிக்கர்களுக்கே புரியவைக்க வேண்டியிருந்தது.

வழி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. ஆறு அணுகுண்டுகளைச் செய்து வைத்திருந்து, தானே அழித்துவிட்டு, 1991-ல் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு அது. மண்டேலா ஆட்சிக்கு வந்து ஓராண்டுகூட நிறைவடையவில்லை. அந்த நாட்டின் சொல்லுக்கு அப்போது இருந்த எடை வேறு யாருக்கும் இல்லை. நிரந்தர நீட்டிப்பை ஏற்கலாம், ஆனால் கூடவே ஆயுதக் குறைப்புக்கான கோட்பாடுகளும் குறிக்கோள்களும் எழுதப்பட வேண்டும், ஒப்பந்தம் பின்பற்றப்படுகிறதா என்று பார்க்கும் மீளாய்வு முறையும் கடுமையாக வேண்டும் என்றது தென்னாப்பிரிக்கா. இதைக் கையில் எடுத்துக்கொண்டு தனபால, முக்கியமான இருபதுக்கு மேற்பட்ட தூதுக்குழுக்களைத் தனி அறையில் உட்காரவைத்து வரி வரியாகப் பேசவைத்தார். இந்தக் கூட்டங்களுக்கு ‘தலைவரின் ஆலோசனைகள்’ என்று பெயர். எல்லா நாடுகளையும் உள்ளே விடவில்லை என்ற குறை அப்போதே எழுந்தது. 175 பேர் உட்கார்ந்து ஒரு வாக்கியத்தைத் திருத்த முடியாது என்பதும் உண்மைதான்.

கடைசியில் வந்தது மூன்று முடிவுகள், ஒரு தீர்மானம். மீளாய்வைப் பலப்படுத்துவது முதல் முடிவு. கோட்பாடுகளும் குறிக்கோள்களும் இரண்டாவது. நீட்டிப்பு மூன்றாவது. இஸ்ரேல் ஒப்பந்தத்துக்கு வெளியே இருப்பதை ஏற்க முடியாது என்று எகிப்தும் மற்ற அரபு நாடுகளும் முறுக்கிக்கொண்டு நின்றதால், மத்திய கிழக்கை அணுவாயுதமும் பிற பேரழிவு ஆயுதங்களும் இல்லாத மண்டலமாக்கக் கோரும் தீர்மானம் சேர்க்கப்பட்டது. அதை முன்மொழிந்தவை அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா.

நீட்டிப்பு முடிவை எழுதியிருக்கும் விதத்தைத்தான் நான் ரசிப்பேன். ‘உறுப்பு நாடுகள் நிரந்தர நீட்டிப்பை ஆதரிக்கின்றன’ என்று அதில் இல்லை. நிரந்தர நீட்டிப்புக்கு உறுப்பு நாடுகளிடையே பெரும்பான்மை இருப்பதால் ஒப்பந்தம் காலவரையறையின்றித் தொடரும் என்றுதான் இருக்கிறது. பெரும்பான்மை இருப்பது ஒரு தகவல். தகவலை மறுக்க வேண்டியதில்லை, அதற்கு ஆமாம் போடவும் வேண்டியதில்லை. எதிர்த்தவர்கள் தங்கள் கொள்கையை விட்டுக்கொடுக்காமலே அமைதியாக உட்கார்ந்திருக்க முடிந்தது. மே 11 அன்று வாக்கெடுப்பு இல்லாமல் தனபால சுத்தியலைத் தட்டினார். தட்டிய பிறகு மலேசியா, சிரியா உள்ளிட்ட சில நாடுகள் எழுந்து தங்கள் அதிருப்தியைப் பதிவு செய்தன. ஆனால் யாரும் வெளியேறவில்லை.

ஒரு சின்ன நாட்டுக்காரர் என்பது இதில் உதவியதா, தடையா?

உதவியது என்றுதான் நினைக்கிறேன். பங்காளிச் சண்டைக்குப் பஞ்சாயத்து பேச, அந்த நிலத்தில் பங்கில்லாத வெளியூர்க்காரரைத்தான் கூப்பிடுவார்கள். இலங்கை அணிசேரா நாடு, அதனால் அந்த அணி அவரைத் தங்கள் ஆளாகப் பார்த்தது. அணுகுண்டு ஆசையோ, அணு உலை வியாபாரமோ இலங்கைக்கு இல்லை, அதனால் ஐவரும் சந்தேகப்படவில்லை. அவர் பின்னால் படையோ பணமோ இல்லாததால், அவர் சொல்வதில் மிரட்டல் இருப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. நடைமுறை விதிகளைத் தலைகீழாகத் தெரிந்து வைத்திருந்தது மட்டும்தான் அவருடைய பலம்.

அப்படியானால் அமெரிக்கா கேட்டதைத்தானே வாங்கிக் கொடுத்தார்?

இந்தக் குற்றச்சாட்டு தொடர்ந்து வருகிறது, ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்கா கேட்டது நிரந்தர நீட்டிப்பு, கிடைத்தது நிரந்தர நீட்டிப்பு. மற்றவர்களுக்குக் கிடைத்தது வாக்குறுதிகள். சுத்தியல் தட்டி நான்கே நாட்களில், மே 15 அன்று, சீனா நிலத்தடி அணுச்சோதனை நடத்தியது. ஜூனில் பிரான்ஸ் பசிபிக்கில் மீண்டும் சோதனை செய்யப்போவதாக அறிவித்தது. அணுச்சோதனைத் தடை உடன்படிக்கை 1996-ல் கையெழுத்துக்கு வந்தது, ஆனால் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. மத்திய கிழக்குத் தீர்மானம் காகிதமாகவே இருக்கிறது. 2015 மீளாய்வு மாநாடு அதே விஷயத்தில்தான் உடைந்தது.

தனபாலவின் தரப்பு வாதம், நிரந்தர நீட்டிப்பும் வாக்குறுதிகளும் ஒரே கட்டு, ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட முடியாது என்பது. பிற்கால எழுத்திலும் பேச்சிலும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அணுவாயுத நாடுகளைக் கடுமையாகவே கேட்டார். 2005-ல் ராண்டி ரைடலுடன் சேர்ந்து அந்த மாநாட்டைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். என் பார்வையில், 1995-ல் வேறு தலைவர் இருந்திருந்தாலும் நிரந்தர நீட்டிப்பு வந்திருக்கும். வாக்குறுதிகள் எழுத்தில் வந்திருக்குமா என்பதுதான் சந்தேகம்.

இந்தியா இதை எப்படிப் பார்த்தது?

இந்தியா அந்த ஒப்பந்தத்தில் எப்போதும் சேரவில்லை. பாகிஸ்தானும் இஸ்ரேலும் அப்படியே. ஐந்து நாடுகளுக்கு மட்டும் அணுவாயுதத்தை நிரந்தர உரிமையாக்கிவிட்டார்கள் என்று டெல்லி எடுத்துக்கொண்டது. மறுவருடம் ஜெனீவாவில் சோதனைத் தடை உடன்படிக்கையை இந்தியத் தூதர் அருந்ததி கோஷ் உறுதியாக எதிர்த்தார். 1998 மே 11, 13 தேதிகளில் பொக்ரானில் இந்தியாவும், அதே மாதக் கடைசியில் பாகிஸ்தானும் சோதனை நடத்தின. தனபால ஐ.நா. ஆயுதக் குறைப்புத் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தெற்காசியர் ஒருவர் அந்தப் பதவியில் உட்கார்ந்த அதே ஆண்டில் தெற்காசியாவே அணுகுண்டு வெடித்தது அவருக்கு வாய்த்த வேடிக்கையான தொடக்கம்.

ஐ.நா.வில் ஐந்து ஆண்டுகள் என்ன செய்தார்?

கோஃபி அன்னான் சீர்திருத்தம் செய்து மீண்டும் உயிர்கொடுத்த துறை அது. சின்னத் துறை, குறைந்த பணம். இரண்டு சம்பவங்கள் சொல்லத் தக்கவை.

ஒன்று ஈராக். 1998 பிப்ரவரியில் அன்னான் பாக்தாத் போய், சதாமின் எட்டு ஜனாதிபதி வளாகங்களைச் சோதனையிட ஒப்பந்தம் செய்தார். ஆயுதச் சோதனையாளர்களோடு மூத்த ராஜதந்திரிகளும் கூடப் போக வேண்டும் என்பது நிபந்தனை. அந்த ராஜதந்திரிக் குழுவுக்குத் தலைவர் தனபால. மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் எட்டு இடங்களுக்கும் போய் வந்தார்கள், மோதல் இல்லாமல் முடிந்தது. ஆனால் அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவும் பிரிட்டனும் ஈராக் மீது குண்டு வீசின.

இரண்டாவது அல்பேனியா. 1997-ல் அங்கே மோசடி முதலீட்டுத் திட்டங்கள் சரிந்து, கலவரத்தில் மக்கள் ராணுவக் கிடங்குகளை உடைத்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை எடுத்துப் போயிருந்தார்கள். ஆளுக்கு ஆள் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கினால் ஆயுதச் சந்தைதான் வளரும். அதனால் கிராம்ஷ் என்ற மாவட்டத்தில் ஊருக்குச் சாலை, தொலைபேசி போன்ற வசதிகளைக் கொடுத்து ஆயுதங்களை வாங்கும் முறையை ஐ.நா. முயன்று பார்த்தது. அதற்கான ஆரம்பக் குழுவை 1998-ல் அழைத்துப் போனவர் தனபால. ஆறாயிரத்தையொட்டி ஆயுதங்கள் வந்தன. மொத்தத்தில் அது சிறிய பங்குதான், ஆனால் அந்த முறையைப் பிறகு வேறு இடங்களிலும் பின்பற்றினார்கள்.

சமாதானச் செயலகத்தில் அவர் என்ன சாதித்தார்?

தமிழ் வாசகர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். நேராகச் சொன்னால், அதிகமில்லை.

2002 பிப்ரவரியில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. அரசின் தரப்பு வேலைகளைக் கவனிக்கத்தான் கொழும்பில் சமாதானச் செயலகம் அமைக்கப்பட்டது. புலிகளுக்குக் கிளிநொச்சியில் புலித்தேவன் தலைமையில் தனிச் செயலகம் இருந்தது. 2004-ல் ஆட்சி மாறியபின் ஜனாதிபதி சந்திரிகா, தனபாலவைக் கொழும்புச் செயலகத்தின் தலைவராக்கினார். பேச்சுவார்த்தை 2003 ஏப்ரலிலேயே நின்றுபோயிருந்தது. புலிகள் கொடுத்த இடைக்கால நிர்வாக யோசனையைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று கிளிநொச்சி சொன்னது. ஆட்சியின் பங்காளியான ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) அதைப் பற்றிப் பேசவே கூடாது என்றது.

2004 டிசம்பர் 26 சுனாமி ஒரு வாய்ப்பைத் திறந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்த நாட்டில், மிக மோசமாக அடிபட்டது வடக்கும் கிழக்கும். நிவாரணப் பணத்தை அரசும் புலிகளும் முஸ்லிம் பிரதிநிதிகளும் சேர்ந்து நிர்வகிக்க நோர்வேயின் உதவியோடு ஓர் ஏற்பாடு பேசப்பட்டது. கடற்கரையிலிருந்து 2 கிலோமீட்டர் வரையிலான பகுதிக்கு மட்டும், மூன்று அடுக்குக் குழுக்கள். இந்தப் பேச்சில் தனபாலவின் செயலகத்துக்குப் பெரிய பங்கு இருந்தது. 2005 ஜூன் 24 அன்று கையெழுத்தானது. முஸ்லிம் கட்சிகள் தங்களைக் கையெழுத்துக்கு அழைக்கவில்லை என்று சினந்தன, அதில் நியாயம் இருந்தது. ஜே.வி.பி. ஏற்கெனவே ஆட்சியை விட்டுப் போய், உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. ஜூலை 15 அன்று நீதிமன்றம் முக்கியப் பகுதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. ஆகஸ்டில் கதிர்காமர் கொல்லப்பட்டார். நவம்பரில் மகிந்த ராஜபக்ச வென்றார். அத்தோடு சரி.

நியூயார்க்கில் முடிந்தது கொழும்பில் ஏன் முடியவில்லை? என் பதில் இது. 1995-ல் அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் ஒப்பந்தம் உடைந்தால் நமக்குத்தான் நஷ்டம் என்று நம்பினார்கள். சண்டை, எந்த விலையில் காப்பாற்றுவது என்பதில்தான். கொழும்பிலும் கிளிநொச்சியிலும் அப்படியில்லை. உடைந்தால் லாபம் என்று கணக்குப் போட்டவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள். அங்கே வாக்கியத்தை எப்படி எழுதினாலும் பயனில்லை. இன்னொன்றும் உண்டு. நியூயார்க்கில் அவர் எந்தப் பக்கத்தையும் சேராதவர். இங்கே அவர் அரசின் ஆள். கிளிநொச்சியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவர் நடுவர் இல்லை, எதிர்த்தரப்பு வக்கீல். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

2006-ல் பொதுச் செயலாளர் பதவி ஏன் கிடைக்கவில்லை?

ஆசியாவின் முறை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்த ஆண்டு அது. அதனால் ஆசியப் போட்டியாளர்களே அதிகம். தென்கொரியாவின் பான் கீ மூன், இந்தியாவின் சசி தரூர், தாய்லாந்தின் சுரகியார்ட், பிறகு ஜோர்டானின் இளவரசர் செய்த் எல்லாம் களத்தில். ஜூலை 24 அன்று பாதுகாப்புச் சபையின் முதல் மாதிரி வாக்கெடுப்பில் பானுக்கு 12 ஆதரவு, தரூருக்கு 10. தனபாலவுக்கு ஆதரவு 5, எதிர்ப்பு 6, கருத்தில்லை 4. அடுத்த சுற்றுகளில் ஆதரவு மூன்றாகக் குறைந்தது. செப்டம்பர் 29 அன்று விலகிக்கொண்டார்.

அனுபவத்தில் அவருக்கு நிகர் அந்தப் பட்டியலில் குறைவு. ஆனால் அணுவாயுத நாடுகளை அவற்றின் வாக்குறுதிகளைச் சொல்லிக் கேள்வி கேட்பவரை, அதே ஐந்து நாடுகள் வீட்டோ வைத்திருக்கும் சபை விரும்பித் தேர்ந்தெடுக்குமா? மேலும் அந்த ஜூலை கடைசியில்தான் கிழக்கிலங்கையின் மாவிலாறில் மீண்டும் போர் வெடித்தது. சொந்த நாட்டில் போர் நடக்கும்போது உலக அமைதிக்கான வேட்பாளராக நிற்பது எளிதல்ல. இரண்டும் என் ஊகம்தான். சபை காரணம் சொல்வதில்லை.

ஓய்வுக்குப் பிறகு?

அரசுப் பணியிலிருந்து ஓய்வு என்பது 1997-லேயே வந்துவிட்டது. அதன்பின் ஒருநாளும் சும்மா இருக்கவில்லை. அணுவாயுத ஒழிப்பு பற்றி 1996-ல் அறிக்கை தந்த கான்பெரா ஆணையத்தில் ஓய்வுக்கு முன்பே உறுப்பினராக இருந்தவர், பேரழிவு ஆயுதங்கள் பற்றி 2006-ல் அறிக்கை தந்த ஹான்ஸ் பிளிக்ஸ் ஆணையத்திலும் உறுப்பினரானார். 2007 முதல் 2017 வரை பக்வாஷ் அமைப்பின் தலைவர். அணுவாயுதத்துக்கு எதிராக விஞ்ஞானிகள் தொடங்கிய அமைப்பு அது, ஜோசப் ரோட்பிளாட்டுடன் சேர்த்து 1995-ல் நோபல் அமைதிப் பரிசு பெற்றது. தனபாலவுக்கு முன்னால் அந்தத் தலைமையில் இருந்தவர் நம் கும்பகோணத்துக்காரர், வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன்.

போரைப் பற்றி, அரசைப் பற்றி என்ன நிலைப்பாடு எடுத்தார்?

ராஜபக்ச ஆட்சியின் தொடக்கத்தில் ஜனாதிபதியின் ஆலோசகராகத்தான் இருந்தார். போர் நடந்த காலத்தில் அவர் அரசின் எதிர்ப்பாளராக நின்றார் என்று சொல்வதற்கில்லை. போர் முடிந்து 2010-ல், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் சாட்சியம் அளித்தார். அதன்பின் ‘ஃப்ரைடே ஃபோரம்’ என்ற குடிமக்கள் குழுவின் முகமாக மாறினார். ஜனநாயக நிறுவனங்கள் சிதைக்கப்படுவது, சிறுபான்மையினர் மீதான வெறுப்புப் பிரசாரம் ஆகியவற்றைக் கண்டித்து அந்தக் குழு வெளியிட்ட பல அறிக்கைகளில் அவர் கையெழுத்து இருக்கும். அப்போது கொழும்பில் அப்படிக் கையெழுத்திடக் கொஞ்சம் துணிச்சல் வேண்டியிருந்தது. ஆனால் இந்தக் குரல் 2008-லும் 2009-லும் வந்திருக்கலாமே என்று, கடைசிப் போர் நடந்த வன்னியில் உறவுகளை இழந்தவர் கேட்டால், அதற்கு என்னிடம் பதிலில்லை.

2015-ல் மீண்டும் அரசுக்கு வந்தாரே?

ஆமாம். அந்த ஜனவரியில் மைத்திரிபால சிறிசேன வென்றதும் வெளியுறவு ஆலோசகராக வந்தார். முதல் வேலை ஜெனீவா. போர்க்கால மீறல்கள் பற்றிய ஐ.நா. விசாரணை அறிக்கை மார்ச்சில் வெளிவர இருந்தது. புதிய அரசுக்கு அவகாசம் வேண்டும் என்று கேட்க, மனித உரிமை ஆணையாளரைச் சந்திக்கப் போனார். அந்த நாற்காலியில் இருந்தவர் 2006-ல் அவரோடு போட்டியிட்ட அதே இளவரசர் செய்த். அறிக்கை செப்டம்பருக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் கொதித்தன. செப்டம்பரில் அறிக்கை வந்தது, அக்டோபர் முதல் நாள் இலங்கையே இணை அனுசரணை வழங்கிய தீர்மானம் மனித உரிமைப் பேரவையில் நிறைவேறியது. சிறப்பு நீதிமன்றம் உட்பட அதில் சொன்னவற்றில் பல நடக்கவில்லை. 2020-ல் அடுத்த அரசு அந்த இணை அனுசரணையிலிருந்தே விலகிக்கொண்டது.